கடகடவும் கலகலவும் பிரித்தறிந்த பியொன் மால்சுன் அக்காவை நாற்காலியோடு வழியனுப்பும் மடல்

சத்தங்களின் சபைத் தலைவியே! சாலையோரம் நின்றவர் சஞ்சலம் தீர்த்த செவிச்செல்வமே! கரிச்சுரங்கங்கள் கதவடைத்த காலத்திலும் எங்கள் கடைக் கதவு அடைபடாமல் காத்த காவலே! ஸ்டீயரிங்கைத் தொடாமலே ஒரு கார் கடையை முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓட்டிக் காட்டிய வித்தகியே! டொல்தாரி கார் சென்டரின் முன்மேசைக்குப் பின்னால் மூன்று முதலாளிகளுக்குச் சமமாக வீற்றிருந்த பியொன் மால்சுன் அக்கா அவர்களே! வணக்கம்.

அடைமொழிகள் இன்னும் இருக்கின்றன. பன்றிக்கறி அடுப்பில் கருகிக்கொண்டிருப்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

“நீதான் காலேஜ் படிச்சவ. நல்லா சோடிச்சு எழுது” என்று தலைமை மெக்கானிக் குக் தேசிக் அண்ணன் இந்தத் தாளை என் கையில் திணித்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் என்பதற்காக இந்தக் கடையில் என் தலையில் விழுந்த வேலைகள் இரண்டு. ஒன்று இந்த மடல், மனமார எழுதுகிறேன். இன்னொன்று, நீங்கள் ஓய்வு பெறுவதால், வருகிற திங்கள்கிழமை முதல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உங்கள் நாற்காலியில் நான் வந்து உட்கார வேண்டும் என்று நம் முதலாளி மா அவர்கள் எடுத்த முடிவு. அதை மனமார ஏற்க எனக்கு மனமில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களைப் புகழ்வதும் அந்த முடிவை மறுப்பதும் வேறு வேறு வேலைகள் அல்ல.

அன்னையே! நீங்கள் வந்து சேர்ந்த காலத்தை நான் கண்டதில்லை. குக் அண்ணன் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அப்போது இந்தக் கங்வொன் மலையில் பனி பெய்தால் மதியத்துக்குள் கறுத்துவிடுமாம். சுரங்கத்து லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். கடைக்கு நடுவில் கரிவில்லை அடுப்பு. அதன்மேல் எப்போதும் கொதிக்கும் கெண்டி. குளிரில் உறைந்துபோன கார்பரேட்டருக்கு அந்தக் கெண்டியிலிருந்தே வெந்நீர், வந்த வாடிக்கையாளருக்கும் அதிலிருந்தே காபி. எது எதற்கு ஊற்றப்பட்டது என்பதில் சில நாள் குழப்பம் நேர்ந்ததாகவும் கேள்வி. அந்தப் புகைக்கும் புழுதிக்கும் நடுவே, உதட்டுச்சாயமும் ரோஸ் நிற நகப்பூச்சுமாக, கணக்குப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

வந்த அன்றே உங்கள் பெயர் போயிற்று. பெண் பிறந்தது போதும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர் மால்சுன். அந்தப் போதும்பெண்ணைக்கூட இவர்கள் கூப்பிடவில்லை. “மிஸ் பியொன், காபி!” “மிஸ் பியொன், போன்!” உங்களுக்குத் திருமணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் மிஸ் பியொன். உங்கள் மகனின் கல்யாணத்தில் மொய்க்கவரின் மேல் ‘மிஸ் பியொன் அவர்கள் இல்லத் திருமணம்’ என்று எழுதிக் கொடுத்தவர் இதோ முன்வரிசையில் கறி தின்றுகொண்டிருக்கிறார். ஸ்பேனர் பிடித்த ஆண்களுக்கெல்லாம் ‘கிசா’, அதாவது தொழில் தெரிந்தவர், என்ற பட்டம் உண்டு. நேற்றுச் சேர்ந்தவனுக்கும் உண்டு. ‘குக் கிசா’ என்று கூப்பிட்டால் குக் அண்ணன் நிமிர்ந்து பார்க்கும் பார்வையே தனி. அந்தக் கிசாக்கள் அத்தனை பேருக்கும் எந்த வண்டியில் எந்த இடத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிய உங்களுக்கு மட்டும் பட்டம் இல்லை.

செவிச்செல்வமே! உங்கள் கலையை எப்படிப் பாராட்டுவது? உங்களுக்குக் கார் தெரியாது. இதை நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கை காட்டும் திசை தினம் மாறும். ஆனால் வண்டியைக் கொண்டுவந்தவரின் வாயை உங்களுக்குத் தெரியும். “என்ன பிரச்சனை?” என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரன் சொன்ன வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். “கிளட்ச் போச்சுங்க, மாத்திடுங்க” என்பார்கள். நீங்கள் கேட்டது இரண்டே கேள்விகள். “எப்படிச் சத்தம் போடுது, போட்டுக் காட்டுங்க.” “எப்போ போடுது?”

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் இந்தப் பெஞ்சில் காத்திருந்தவர்கள் காசு கொடுக்காமல் பார்த்த நாடகம் என்பேன். கோட்டும் சூட்டுமாக வந்த வங்கி மேலாளர் கன்னத்தை உப்பி “உய்ய்ய்ங்” என்றார். வேகம் கூடக் கூடக் கூடுகிறதா? ஆமாம். அப்படியானால் சக்கரத்துப் பேரிங். கோயில் துறவி ஒருவர் கண்களை மூடி “டக், டக், டக்” என்றார். வளைவில் திரும்பும்போதா? ஆமாம். முன் ஆக்சில் மூட்டு. “கிறீச்” பிரேக் பிடிக்கும்போது வந்தால் ஒரு வைத்தியம், காலையில் வண்டியை எடுத்தவுடன் வந்து அடங்கினால் வேறு வைத்தியம். முன்னது பிரேக் கட்டை, பின்னது பெல்ட். மேடு பள்ளத்தில் “லொடக்” என்றால் கீழே ஏதோ இணைப்பு ஆட்டம் கண்டிருக்கிறது. கூச்சப்பட்டு வாய் திறக்காதவர்களுக்காக நீங்களே நாலைந்து சத்தம் போட்டுக் காட்டி, “இதுவா, இதுவா?” என்று துணி காட்டும் கடைக்காரர் போல விரித்துப் போடுவீர்கள். அவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

நீங்கள் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட ஒரு வாரம் விடுப்பெடுத்த ஆண்டில் நடந்ததை இங்கே சொல்லாமல் விடுவது சபைக்கு இழைக்கும் துரோகம். முட்டைக்கோஸ் பண்ணைக்காரர் ஒருவர் தன் சிறு லாரியோடு வந்தார். மேசையில் குக் அண்ணன். வந்தவர் “கலகல” என்றார். குக் அண்ணன் ‘கடகட’ என்று எழுதினார். எழுதிய கையோடு வண்டியைத் தூக்கி, முன்பக்கத்துக் கீழ்க்கட்டு முழுவதையும் பிரித்துப் பரப்பிவிட்டார். ஒன்றும் இல்லை. திரும்பக் கோத்தார். சத்தம் போகவில்லை. மறுபடி பிரித்தார். நீங்கள் விரலெல்லாம் மிளகாய்ச் சிவப்போடு திரும்பி வந்து நடுக்கடையில் நின்று பார்த்தீர்கள்.

“ஏன்யா, வண்டிய இப்படிக் கறிக்கடை மாதிரி தொங்க விட்டுருக்க?”

“கடகடன்னு சத்தமாம் அக்கா.”

“அந்த ஆளு வாயால சொல்லட்டும்.”

பண்ணைக்காரர் சொன்னார். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

“குக் கிசா, காதுல என்ன, கிரீஸா வெச்சிருக்க? கடகடன்னா இரும்பு இரும்போட இடிக்குது. கலகலன்னா டப்பாக்குள்ள ஏதோ உருளுது. எப்போங்க கேக்குது?”

“குளிருக்கு ஹீட்டர் போட்டா கேக்குதும்மா.”

“ஹீட்டர் போட்டா கேக்குற சத்தத்துக்குச் சக்கரத்தக் கழட்டிருக்கான், பாரு!”

ஹீட்டர் விசிறிப் பெட்டியைத் திறந்தார்கள். குளிர்காலத்துக்காக அணில் ஒன்று சேர்த்து வைத்திருந்த ஓக் கொட்டைகள் அத்தனையும் உள்ளே. அவற்றை அள்ளிக்கொண்டுபோய் ஊறவைத்து, அரைத்து, களி கிண்டி, உறையவைத்துத் துண்டு போட்டு எடுத்துவந்து, பண்ணைக்காரர் உட்பட எல்லாருக்கும் பரிமாறினீர்கள். முதல் துண்டு குக் அண்ணனுக்கு. அந்த நாள் முதல் அவர் எந்த வண்டியைத் தொடுவதற்கு முன்பும் மேசைக்கு நடந்துவந்து, வாடிக்கையாளரின் வாயைத் தன் காதால் கேட்டுவிட்டுத்தான் போகிறார். சத்தத்தைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறார். ரசித்துப் போடுகிறார் என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கடை நடத்தும் கலைக்குக் கருவூலமே! உங்கள் மற்றச் சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் கடை வைக்க நினைத்தால் உதவும். திறப்பதற்கு முன் விலையைச் சொல்; திறந்த பிறகு புதிதாக ஏதாவது தென்பட்டால் கையைத் துடை, போனைப் போடு, அவர் சரி என்று சொல்லும்வரை தொடாதே. கழற்றிய பழைய சாமானைப் புதிய சாமான் வந்த பெட்டியிலேயே போட்டுப் பின்சீட்டில் வை. அவர் வீட்டுக்குப் போய்க் குப்பையில் போட்டாலும் போடட்டும், ஏமாற்றினோம் என்று நினைக்கமாட்டார். சாவியில் வண்டி எண்ணை எழுதாதே, ஆளை எழுது. உங்கள் சாவி அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன். ‘மூன்று பெண் பெற்றவர்.’ ‘சத்தமாகத் தும்முபவர்.’ ‘மனைவியிடம் சொல்லக்கூடாது.’ என்ன சொல்லக்கூடாது என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் இந்த வட்டாரம் முழுக்க நம் கடையை அடையாளம் காட்டியது உங்கள் நகப்பூச்சு. சக்கரம் மாட்டிய பிறகு “நட்டெல்லாம் முடுக்கியாச்சா?” என்று கேட்பீர்களாம். “ஆச்சு ஆச்சு” என்பார்களாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள் கைப்பையிலிருந்து ரோஸ் நிறக் குப்பியை எடுத்து வீசினீர்கள்.

“முடுக்கினவன் கோடு போடு. நட்டுலேருந்து ரிம்முக்கு ஒரு கோடு. கோடு நேரா இருந்தா நட்டு அசையல. கோடு ஒடஞ்சிருந்தா அசைஞ்சிருக்கு. இனிமே நான் ஒன்னும் கேக்க மாட்டேன், வண்டியே சொல்லட்டும்.”

சுரங்கத்து ஓட்டுநர்கள் முதலில் கேலி செய்தார்கள். “என்னடா, உன் லாரிக்குக் கல்யாணமா, நகத்துக்குப் பூச்சு போட்டிருக்கு?” கேலி செய்தவர்களே பிறகு மலையேறும் முன் இறங்கி நின்று, ரோஸ் கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். இன்றும் கணவாய்க்கு அந்தப்புறத்து டீக்கடையில் ரோஸ் கோட்டைப் பார்த்தால், “டொல்தாரி வண்டி” என்கிறார்கள்.

இனி அந்த நாற்காலி. கணக்குப் பார்க்க வந்த பெண்ணுக்கு இந்தக் கடை கொடுத்த இருக்கை ஒரு காலிப் பெயிண்ட் டின், அதன்மேல் ஒரு அட்டை. சுரங்கம் மூடி, ஊர் பாதி காலியாகி, கீழ்த்தெருத் திரையரங்கும் மூடியபோது, இருக்கைகளைப் பிடுங்கித் தெருவில் போட்டார்கள். நீங்கள் போய் ஒன்றைத் தூக்கி வந்தீர்கள். சிவப்பு வெல்வெட், முதுகில் ‘எஃப் 7’ என்ற தகடு. கல்யாணத்துக்கு முன் உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து படம் பார்த்த இருக்கை அதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். “எல்லா சீட்டும் ஒரே மாதிரிதானே, எப்படிக் கண்டுபுடிச்ச?” என்று குக் அண்ணன் கேட்டால், “அவரு ஓட்டை போட்ட எடம் தெரியாதா?” என்று வெல்வெட்டில் உள்ள சிகரெட் துளையைக் காட்டுவீர்கள். பழைய லாரி ரிம் ஒன்றை அடியில் வைத்து, போல்ட்டுப் போட்டு, குக் அண்ணன் அதை நிற்கவைத்தார். அதில் உட்கார்ந்துதான் இந்த மலையின் சத்தங்களையெல்லாம் நீங்கள் கேட்டீர்கள்.

நான் இந்தக் கடைக்கு வந்த முதல் வாரத்தில், வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் பார்த்து, “கிசா யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டார்கள். அரசுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, அதில் என் படம் இருக்கிறது, நான் அதற்குக் கீழேயே நிற்கிறேன். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறும். என் கோபம் கடைக்கு ஆகாது என்று முதலாளி சொல்வார். நீங்களோ மேசையிலிருந்தபடியே, எதிர்மலைக்குக் கேட்கும் குரலில் கூப்பிட்டீர்கள்: “தாக் கிசா! உங்களுக்கு ஆள் வந்திருக்கு!” அன்று முதல் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வண்டிக்கும். உங்களை ஒருவரும் கூப்பிடாத பட்டத்தால் என்னை நீங்கள் கூப்பிட்டீர்கள்.

இப்போது மா முதலாளியின் முடிவுக்கு வருகிறேன். அவர் கெட்டவர் அல்லர். “பொம்பளப் புள்ள முன்னாடி உக்காந்தாத்தான் கடைக்கு லட்சணம். நீ படிச்சவ, பதமா பேசுவ. கையும் அழுக்காகாது பாரு” என்றார். நான் பதமாகப் பேசுவேன் என்று அவர் எதை வைத்து நம்பினார் என்று தெரியவில்லை. என் அப்பா சுரங்கத்தில் கறுத்த கையால் என்னைப் படிக்கவைத்தவர். என் கை அழுக்காவதில் எங்கள் வீட்டில் யாருக்கும் வெட்கமில்லை.

நேற்று மாலை நடந்தது இங்கிருக்கும் பலருக்குத் தெரியாது. ஆகவே சொல்கிறேன்.

“தாக், இங்க வந்து உக்காந்து பாரு. உயரம் ஒத்து வருதான்னு பாப்போம்” என்றார் முதலாளி.

நான் வாயைத் திறக்கும் முன் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். “என்னத்த உக்காந்து பாக்குறது? அது என் நாற்காலி.”

“கடை நாற்காலிதானே, மிஸ் பியொன்.”

“கடை எனக்குக் குடுத்தது பெயிண்ட் டின்னு. இது நான் முதுகுல சுமந்துட்டு வந்தது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“அப்போ அடியில இருக்குற ரிம்மு?”

“அது உங்களோடது. கழட்டித் தர்றேன், தலைமாட்டுல வெச்சிட்டுத் தூங்குங்க. தாக் கிசா! இதுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?”

“பதினேழு, அக்கா.”

இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக நீங்கள் ஸ்பேனரைக் கையில் வாங்கினீர்கள். குனிந்து, மூச்சைப் பிடித்து, முழு பலத்தோடு தப்பான பக்கம் திருப்பினீர்கள்.

“அக்கா, அது இறுக்குற பக்கம்!” என்று கத்தினார் குக் அண்ணன்.

“இறுக்கித்தானே எனக்குப் பழக்கம்! இந்தப் பக்கம்னு முன்னாடியே சொன்னா என்னவாம்?”

துரு இளக்கும் எண்ணெயை நான் ஊற்றினேன். நட்டைக் கழற்றியது நீங்கள்தான். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு கேட்டார்: “அப்போ திங்கக்கிழமை வர்றவங்கள யாரு உக்காந்து கேக்குறது?”

அதற்கு நீங்கள் சொன்னதைத்தான் இந்த மடலில் பெரிய எழுத்தில் எழுத ஆசைப்பட்டேன். இடமில்லை, அதனால் சத்தமாகப் படிக்கிறேன்.

“எனக்குக் கார் தெரியாது, அதனால உக்காந்து கேட்டேன். இவளுக்குத் தெரியும். தெரிஞ்சவள எதுக்கு உக்கார வெக்கிறீங்க? சத்தம் வண்டியிலதானே இருக்கு. எந்தக் கை திறக்கப் போகுதோ, அந்தக் கைக்குச் சொந்தக்காரங்களே போய் நின்னு கேக்கட்டும்.”

குக் அண்ணனின் வண்டியில் ‘எஃப் 7’ ஏறிப் போயிற்று. இன்று காலை மேசைக்குப் பின்னால் வெறும் தரை. ரிம் இருந்த இடத்தில் வட்டமாகத் துரு. நீங்கள் விழாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மீன் வண்டிக்காரர் வந்தார். முதலாளி வழக்கம்போல மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் லிஃப்டுக்கு அடியில் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தேன், அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவரே வெளியே போய், பனியில் நின்று, வண்டிச் சன்னலுக்குள் தலையை நீட்டினார். உள்ளேயிருந்து “உய்ய்ய்ங்” என்று கேட்டது. முதலாளியும் “உய்ய்ய்ங்?” என்றார். அக்கா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு திரும்பி, இரண்டு முறை தொண்டையைச் செருமி, “தாக்…” என்று தொடங்கி, நிறுத்தி, “தாக் கிசா, நீ வந்து கேளு. எனக்குப் புரியல” என்றார்.

போய் நின்று கேட்டேன். இடது முன் பேரிங். மாற்றி, நட்டை முடுக்கி, கோடு போட்டு அனுப்பினேன்.

ஒரு காலைப்பொழுதில் ஒரு கடை மாறிவிடாது. திங்கள்கிழமை புதிய நாற்காலி ஒன்று வந்து இறங்கினால், அதில் முதலில் உட்காரும் பாக்கியத்தை முதலாளி அவர்களுக்கே விட்டுக்கொடுக்கிறோம் என்பதை இந்தச் சபையில் பணிவோடு, ஆனால் உறுதியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பியொன் மால்சுன் கிசா அவர்களே! ஆம், இனி இந்த வாசலில் உங்களுக்கு அதுதான் பெயர். உங்கள் பெயருக்கும் ஒரு சாவி அட்டை போட்டு அப்படியே எழுதிவிட்டோம். உங்கள் வீட்டு முற்றத்து வெயிலில் அந்தச் சிவப்பு நாற்காலி உங்களைத் தாங்கட்டும்; இப்போது அதில் நீங்கள் யாருக்காகவும் உட்கார வேண்டியதில்லை. முட்டி ‘லொடக்’ என்றாலும், இடுப்பு ‘கிறீச்’ என்றாலும், பயப்படாமல் வாருங்கள். எப்போது கேட்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறோம். உங்கள் வாயிலிருந்து வந்த ஓராயிரம் சத்தங்களில் சிரிப்புச் சத்தம் மட்டும் கலகலவென்று நீண்ட காலம் நோயின்றி ஒலிக்கட்டும்.

இந்த மடலைத் தாங்கும் சட்டத்தின் நான்கு திருகுகளையும் கையால் முடுக்கி, ரோஸ் கோடு போட்டிருக்கிறோம். கோடு நேராக இருக்கும்வரை எங்கள் அன்பு அசையவில்லை என்று கொள்க.

இங்ஙனம்,
நின்றபடி,
குக் தேசிக், தாக் யுன்சோல்
மற்றும் டொல்தாரி கார் சென்டர் கிசாக்கள் அனைவரும்

(முதலாளி மா அவர்களும் கையொப்பமிட்டுள்ளார். உட்கார இடமில்லாததால் அவரும் நின்றபடியே.)